ஃபைனல் அண்ணாச்சி

சிவகாசியில் எந்த அச்சகத்துக்குள் நுழைந்தாலும், வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போடச் சொல்லும் அறை ஒன்று இருக்கும். உள்ளே சாமி கிடையாது. அண்ணாச்சி இருப்பார். ஏசி ஓடும். அது கம்ப்யூட்டருக்காக வைத்த ஏசிதான், ஆனால் ரிமோட் அண்ணாச்சியின் சட்டைப்பையில். அதே பையில் இரண்டு பேனா, ஒரு திருநீற்றுப் பொட்டலம், சாவிக்கொத்து மாதிரி நூலில் கோத்த ஐந்தாறு பென்டிரைவ். இடம், மெஷின், காகிதம், பேங்க் கடன் எல்லாம் முதலாளியுடையவை. பக்கம் மட்டும் அண்ணாச்சியுடையது.

பெயர் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது, இவர் ஓர் ஆள் இல்லை, அச்சகத்துக்கு ஒருவர். சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் பக்கமெல்லாம் இவருக்குக் கிளைகள் உண்டு. காலண்டர், டைரி, கும்பாபிஷேக மலர் என்று மெய்ப்புப் பார்க்கப் பல சீசன் போய் வந்தவன் என்ற முறையில், அவர்களில் ஐந்தாறு பேரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நின்றுதான் இருக்கிறேன். அந்த அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது.

அவர் ஃபைலுக்குப் பெயர் வைப்பதே தனி அழகு. ‘காலண்டர் ஃபைனல்’ என்று ஒன்று இருக்கும். அதுதான் முதல் வடிவம். அடுத்தது ‘காலண்டர் ஃபைனல் ஃபைனல்’. அப்புறம் ‘ஃபைனல் பார்ட்டி ஓகே’, ‘ஃபைனல் பார்ட்டி ஓகே கரெக்‌ஷன்’, ‘புது ஃபைனல் பழசு’, ‘இதான் ஃபைனல்’. கடைசியாக, எரிச்சலில் வைத்த ‘தொடாதே’. பிளேட்டுக்குப் போக வேண்டியது எது என்பது அண்ணாச்சிக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். ஆண்டவன் வந்தாலும் அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் சொல்வார்.

ஒரு பக்கத்தைப் பல பேர் கூடிச் செய்வது சிவகாசிக்குப் புதிதில்லை. ஆனால் அதற்கு ஊரில் இருந்த ஒரே கருவி விரல்தான். ஒருவர் மவுஸைப் பிடிப்பார். பின்னால் நிற்கிற நாலு பேர் மானிட்டரில் விரலை வைத்து அழுத்திக் காட்டுவார்கள். ஜவுளிக்கடைக்காரர் தன் அப்பா படத்தைப் பெரிசாக்கச் சொல்வார். திருப்பணிக் கமிட்டிச் செயலாளர், நன்கொடையாளர் வரிசையில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் வரலாம் என்பதை, சொந்த ஊரில் சொல்ல முடியாத ரகசியம் போல அண்ணாச்சியின் காதில் சொல்வார். “கொஞ்சம் மேல தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப லேசா கீழ.” கால் மணி நேரம் கழித்துப் படம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். “இப்பதான் அம்சமா இருக்கு” என்பார் செயலாளர். இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. பாதி நேரம் அண்ணாச்சி எதையும் நகர்த்துவதே இல்லை. மவுஸை ‘டிக் டிக்’ என்று அழுத்துவார், அவ்வளவுதான். பார்ட்டிக்குச் சத்தம் போதும்.

இந்தக் கை எங்கே பழகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் வசதி வருவதற்கு முன்பு, ஃபிலிம் எடுத்து, கண்ணாடி மேஜைக்குக் கீழே விளக்கைப் போட்டு ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் ஃபிலிம் வந்த பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் மறுபடி ஃபிலிம் எடுக்கக் காசு. அண்ணாச்சி அப்போது சின்னப் பையன். ‘கருப்பு’ என்பது ‘கறுப்பு’ ஆக வேண்டுமா? குப்பைக் கூடையில் கிடக்கும் பழைய ஃபிலிம் துண்டுகளில் அதே அளவு ‘று’ ஒன்றைத் தேடுவார். பிளேடால் நறுக்குவார். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பழைய ‘ரு’வைச் சுரண்டி எடுத்த இடத்தில் இதைப் பதிப்பார். எழுத்து ஒரு மயிரிழை சாய்ந்தால் மறுபடி. மூச்சு விட்டால் ‘று’ பறந்துவிடும் என்று அந்த மேஜைப் பக்கம் ஃபேன் போட மாட்டார்கள். அப்படி ஓர் எழுத்துக்கு இருபது நிமிடம் மூச்சைப் பிடித்தவரிடம் போய், “அண்ணாச்சி, இந்த சாஃப்ட்வேர்ல ஒரே அமுக்குல எல்லா இடத்துலயும் மாறிரும்” என்றால், சந்தோஷமா வரும்?

அப்படிச் சொன்னவர் சின்ன முதலாளி. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த பிள்ளை. வந்ததும் முதல் வேலையாக அண்ணாச்சி பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் மென்பொருளைக் கண்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பேஜ்மேக்கர் 1985-இல் பிறந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு வாரிசாக இன்டிசைன் 1999-இலேயே வந்துவிட்டது. அண்ணாச்சியைப் பொறுத்தவரை வாரிசு வந்துவிட்டது என்பதற்காகப் பெரியவரை வீட்டை விட்டு அனுப்புவது நம் பழக்கம் இல்லை. மூலையில் ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில், துணி போர்த்தி, பேஜ்மேக்கர் இன்னும் உயிரோடு இருந்தது.

சின்ன முதலாளி ஒரு ஆகஸ்ட் மாதம் கூட்டம் போட்டார். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் வரத் தொடங்கியிருந்த நேரம். இனிமேல் அண்ணாச்சி இன்டிசைனில் பக்கத்தை மட்டும் கட்டுவார். எழுத்தை நாங்கள் இன்காப்பி என்ற துணை மென்பொருளில் எங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே திருத்துவோம். ஒரே பக்கம், இரண்டு பேர், ஒரே நேரம். யாராவது ஒரு பத்தியைத் திருத்த எடுத்தால் அதற்குப் பெயர் செக்-அவுட். எடுத்தவர் பக்கத்தில் பென்சில் படம் தெரியும், மற்றவர்களுக்கு அதே பென்சில் மேல் ஒரு கோடு கிழித்துத் தெரியும். படிக்கலாம், தொட முடியாது. திருத்தி முடித்ததும் செக்-இன். கட்டத்துக்கு மேல் எத்தனை வரி வழிகிறது என்பதைக்கூட எழுதுகிறவனுக்கே அது காட்டிவிடும்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“அதாவது தம்பி, நான் பக்கத்தைக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே உள்ள புகுந்து ஒருத்தர் எழுத்தை மாத்துவாரு?”

“ஆமாண்ணாச்சி.”

“பூட்டுன வீட்டுக்குள்ள?”

சின்ன முதலாளி நல்ல உவமை ஒன்று வைத்திருந்தார். பட்டாசு ஆலைக்கு நாக்பூர் வெடிபொருள் அலுவலகம் உரிமம் தரும்போதே, ஒரு ஷெட்டுக்குள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இத்தனை மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இத்தனை தூரம் என்று விதி போட்டுவிடுகிறார்கள். மருந்து கலக்குகிறவர் ஒரு இடம், குழாயில் செலுத்துகிறவர் ஒரு இடம், திரி வைக்கிறவர் ஒரு இடம். யாரும் முழு வெடியைச் செய்வதில்லை, ஆனாலும் தீபாவளிக்கு வெடி வந்துவிடுகிறது. அந்த மாதிரிதான் இதுவும், ஒரு பத்திக்கு ஒரே ஆள், என்றார். தீப்பெட்டிக்கும் அதுதானே கதை? 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில், ஒரு தலைமுறைக்குள் குச்சி அடுக்குகிறது ஒரு வீடு, பெட்டி ஒட்டுகிறது ஒரு வீடு என்று ஊர் முழுக்கப் பிரிந்துபோகவில்லையா? அந்தப் பெட்டிக்கு லேபிள் வேண்டித்தானே இந்த ஊருக்கு அச்சு இயந்திரமே வந்தது?

உவமை அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அதில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு பகுதியை மட்டும்: ஒரு ஷெட்டுக்கு ஒரே ஆள்.

மறுநாள் காலை வந்தார். கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். கடைக்குப் பலகை திறப்பது போல எல்லாப் பத்தியையும் ஒன்று விடாமல் செக்-அவுட் செய்தார். எங்கள் திரையில் ஊரெல்லாம் கோடு கிழித்த பென்சில். அதற்கடுத்த நாளும் அப்படியே. “திருத்தணும்னா சொல்லுங்க, நான் திறந்து விடுறேன்” என்பார். சொன்னால், “இருங்க, சேவ் ஆகிக்கிட்டு இருக்கு.” கடைசியில் நாங்கள் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, அவர் பின்னால் போய் நின்று, விரலை நீட்டினோம். பல ஆயிரம் ரூபாய் சந்தா கட்டி வாங்கிய மென்பொருளில் அன்று அதிகம் உழைத்தது என் ஆள்காட்டி விரல்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் எள் போட்டால் கீழே விழாத நாள். அண்ணாச்சி குடும்பத்தோடு போய்விட்டார். போகிற அவசரத்திலும் கடமையில் தவறவில்லை: விடிகாலை அச்சகத்துக்கு வந்து, எல்லாவற்றையும் செக்-அவுட் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பார்ட்டியோ மதியத்துக்குள் மாதிரிப் பக்கம் வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து செக்-இன் செய்தால்தான் பூட்டு விடும். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு.

சின்ன முதலாளி போன் போட்டார். மறுமுனையில் உறுமி, மைக், குழந்தை தொலைந்த அறிவிப்பு.

“அண்ணாச்சி, பாஸ்வேர்டு என்ன?”

“அம்மா!”

“அம்மனைக் கும்பிட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க, பாஸ்வேர்டு என்ன?”

“அதான் சொல்றேன்ல, பாஸ்வேர்டுதான் அம்மா!”

ஏ, எம், எம், ஏ என்று அடித்தோம். திறக்கவில்லை. பெரிய எழுத்தில் அடித்தோம். பின்னால் ஒரு ஏ சேர்த்தோம். இரண்டு எம்மை ஒன்றாக்கினோம். திறக்கவில்லை. மறுபடி போன். “தம்பி, நான் முப்பது வருசமா அப்படித்தான் அடிக்கிறேன்” என்று அவருக்கும் கோபம்.

லேபிள் டிசைன் செய்யும் தங்கச்சி ஒருத்தி, திருத்தங்கலிலிருந்து வருகிறவள், அதுவரை பேசாமல் நின்றாள். “அண்ணாச்சி பாமினியிலதான அடிப்பாரு?” என்றாள். அவ்வளவுதான். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழ் முகமூடி மாட்டிய பழைய எழுத்துரு. யூனிகோடு வந்து, 2010-இல் தமிழக அரசே அதைத் தரமாக அறிவித்த பிறகும் விரல்களை விட்டுப் போகாதது. அதில் ‘அம்மா’ என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று அடிக்க வேண்டும். அடித்தாள். கதவு திறந்தது. உலகத்தின் எந்தத் திருடனும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை அந்த மனிதர் தன்னை அறியாமலே வைத்திருந்தார்.

யூனிகோடு மேல் அவருக்கு வருத்தம் உண்டு. முதன்முதலாக இன்டிசைனில் யூனிகோடு தமிழை ஊற்றியபோது, ‘கொ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது. “இங்க பாரு, கொம்பு கழண்ட மாடு” என்று ஊரைக் கூட்டிக் காட்டினார். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் கொம்புகள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதைக் காட்டுவதற்கு அவர் ஊரைக் கூட்டவில்லை.

பச்சைப் பட்டாசு லேபிளில் வரும் க்யூஆர் கோடைப் பெட்டி அகலத்துக்கு இழுத்து நீட்டியது, படங்களை நெட்வொர்க்கில் வைக்காமல் தன் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு ‘லிங்க் போயிருச்சு’ என்று கம்பெனிக்காரன் மேல் பழி போட்டது, இதெல்லாம் சில்லறை. இவற்றை விட்டுவிட்டு தினசரி காலண்டருக்கு வருகிறேன். ஏனென்றால் அதில் நான் குற்றவாளி.

தினசரி காலண்டர் என்பது தமிழ்நாட்டில் மிக அதிகம் பேர் படிக்கும் பக்கம். தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம் என்று ஒரு உள்ளங்கையளவு தாளில் ஒரு குடும்பத்தின் அன்றைய போக்குவரத்து முழுவதும் இருக்கும். இதை அண்ணாச்சி வருடா வருடம் கையால்தான் செய்வார். போன வருட ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு தாளாக மாற்றுவார். 365 தாள், ஒரு மாத வேலை.

திருத்தங்கல் தங்கச்சி டேட்டா மெர்ஜ் என்று ஒன்றைக் கொண்டு வந்தாள். விவரம் எல்லாவற்றையும் எக்செல்லில் வரிசையாக வைத்துக்கொள்வது. நாளுக்கு ஒரு வரி. இன்டிசைனில் ஒரே ஒரு தாளை மட்டும் அழகாகக் கட்டி, இங்கே திதி, இங்கே ராகு காலம் என்று இடம் குறித்துவிடுவது. ஒரு பொத்தான். நாங்கள் டீ வாங்கி வருவதற்குள் 365 தாளும் உதிர்ந்து வரிசையாக நின்றன. அண்ணாச்சி தன் டீயைக் குடிக்கவில்லை. ஆடை படிந்துகொண்டே இருந்தது.

எக்செல்லைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம். பிப்ரவரி 12-க்கு நேரே ராகு காலக் கட்டம் இரண்டு முறை வந்திருப்பது போல எனக்குப் பட்டது. கண்ணாடி மாற்ற வேண்டிய வயது. ஒரு கட்டத்தை அழித்தேன். எக்செல் மிகவும் பணிவான மென்பொருள். மேலே தள்ளட்டுமா என்று கேட்டது. தள்ளு என்றேன்.

மெர்ஜ் ஆன ஃபைலை அண்ணாச்சி சும்மா ஓட்டிப் பார்த்தார். பஸ் ஜன்னல் வழியே ஊர் பார்ப்பது போல, சக்கரத்தை உருட்டிக்கொண்டே. ஓரிடத்தில் விரல் நின்றது.

“செவ்வாக்கிழமை ராகு காலம் 12-லருந்து 1.30-ன்னு போட்டிருக்கு. அது புதனுக்குல்ல? செவ்வாய்க்கு 3-லருந்து 4.30.”

அடுத்த தாள். புதன்கிழமைக்கு வியாழனுடையது. அதற்கடுத்து வியாழனுக்கு வெள்ளி. பிப்ரவரி 12 தொடங்கி 322 நாளும் ஒவ்வொரு கிழமையும் மறுநாளின் ராகுவைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது. டிசம்பர் 31-க்கு ராகு காலமே கிடையாது. வெற்றுக்கட்டம். வருடக் கடைசி நாளாவது மனிதன் நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டது போல இருந்தது. இது அச்சாகிக் கடை கடையாகப் போயிருந்தால், ஒரு வருடம் முழுக்க எத்தனை பெண் பார்க்கும் படலம், எத்தனை கடைத் திறப்பு! எந்த மென்பொருளும் இதைப் பிழை என்று சொல்லவில்லை. எழுத்துப்பிழை இல்லை, வரி வழியவில்லை, எழுத்துரு காணாமல் போகவில்லை. அண்ணாச்சியின் தலைக்குள் ஏழு கிழமையும் ஏழு ராகுவும் ஏற்கெனவே செக்-இன் ஆகியிருந்ததால் தப்பித்தோம்.

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“விடுங்க, நான் பாத்துக்கிடுறேன்” என்றார் அண்ணாச்சி. ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம் முகத்தில். எக்செல்லைப் பற்றித் தங்கச்சி ஏதோ சொல்ல வந்தாள். “அது கணக்கு எழுதுறதும்மா. பக்கத்தைப் பக்கத்துலதான் திருத்தணும்.” ஃபைலைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டார். அன்று இரவும் மறுநாள் இரவும் அச்சகத்திலேயே தங்கினார். பக்கத்துக் கடையிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வந்தது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் வந்தது. 323 தாள், ஒவ்வொன்றாக. நான் வீட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உதடு அசைய, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் அடித்துக்கொண்டிருந்தார்; மறு கை விரலில் கிழமையை எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை. தங்கச்சி எக்செல்லில் நான் அழித்த அந்த ஒரு கட்டத்தைத் திரும்பச் செருகினாள். ராகுக்கள் அனைவரும் ஒரு படி கீழே இறங்கி அவரவர் கிழமையில் உட்கார்ந்தார்கள். பொத்தானை அமுக்கினாள். 365 தாள் புதிதாக உதிர்ந்தன.

அண்ணாச்சி கண் சிவக்க எழுந்து வந்தார். அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் இன்னொருவர் பின்னால் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். திரையில் விரலை வைத்து, செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரு வாரத்தைத் தடவிப் பார்த்தார். ஆகஸ்டில் ஒரு வாரம். நவம்பரில் ஒரு வாரம். டிசம்பர் 31.

“பரவால்லியே” என்றார். “நான் ராத்திரி திருத்துனது அத்தனையும் இதுல தானா ஏறியிருக்கே. நல்ல சாஃப்ட்வேருதான், தம்பி சொன்ன மாதிரி.”

தங்கச்சி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையை ஆட்டினேன். மூடிக்கொண்டாள்.

“கொஞ்சம் எந்திரிம்மா” என்று நாற்காலியை வாங்கி உட்கார்ந்தார் அண்ணாச்சி. திருநீற்றைப் பூசிக்கொண்டார். மவுஸைப் பிடித்து, சேவ் அஸ் போட்டு, ஒற்றை விரலால் நிதானமாகப் பெயர் அடித்தார்: ‘காலண்டர் ஃபைனல் சாஃப்ட்வேர் ஓகே அண்ணாச்சி ஓகே’. அப்புறம் ஏதோ யோசித்து, பின்னால் ஒரு ‘2’ சேர்த்தார்.